செய்துங்கநல்லூரில் பிணம், ஆறுமுகநேரியில் கைது

பாக்கெட் நாவலை அளக்க நெல்லைச் சீமையில் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: திருச்செந்தூர் பாசஞ்சர். ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் 61 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நூறு பக்கத்துக்கு முன்பின்னான மாத நாவலில் பக்கத்துக்கு 150 சொல் வைத்தால் மொத்தம் 15,000 சொல். நிதானமாக வாசிக்கிறவர் நிமிஷத்துக்கு 170, 180 சொல் போவார். வண்டியும் கதையும் ஒன்றாகப் போய் நிற்கும்.

நன்றாகக் கட்டிய கிரைம் நாவல் அந்த லைனில் இப்படித்தான் ஓடும். பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் யாரோ ஒருவர் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுவார். செய்துங்கநல்லூரில் பிணம் விழ வேண்டும். இருபது பக்கத்துக்கு மேல் பிணம் தள்ளிப்போனால் ஆசிரியரிடம் சரக்குக் குறைவு, வர்ணனையை வைத்து ஓட்டுகிறார் என்று அர்த்தம். ஸ்ரீவைகுண்டம் வரும்போது மூன்று பேர் மேல் சந்தேகம். ஆழ்வார்திருநகரியில் அந்த மூன்றில் ஒருவருக்கு அசைக்க முடியாத அலிபி (அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சி), அல்லது அவரே அடுத்த பிணம். நாசரேத்தில் வாசகர் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு சின்னப் பொருள்: ஒரு பஸ் டிக்கெட், ஒரு மாத்திரை அட்டை. குரும்பூரில் துப்பறிவாளர் அதையே திரும்ப எடுப்பார். ஆறுமுகநேரியில் கைது. காயல்பட்டினத்திலிருந்து கடற்காற்று அடிக்கும்போது விளக்கம்.

எது கெடும் என்றும் இதே லைனில் சொல்லிவிடலாம். கைதும் விளக்கமும் சேர்ந்து கடைசி இரண்டு பக்கத்தில் வந்தால், துப்பை முன்னாடி விதைக்கவே இல்லை. "நீ சிகரெட் பிடிக்கிறதை நான் அன்னிக்கே பார்த்துட்டேன்" என்று அதுவரை வாசகருக்குக் காட்டாத ஒன்றை எடுத்துப் போடுவார்கள். அது துப்பறிதல் இல்லை, ஏமாற்று. விளக்கம் குரும்பூருக்கு முன்பே தொடங்கிவிட்டால் நேர்மாறான வியாதி: கதை தீர்ந்துவிட்டது, பக்கம் தீரவில்லை.

இவ்வளவும் ஒரு நாவலுக்கு. தொடர் பாத்திரம் என்று வந்துவிட்டால் கணக்கு வேறு. கொலை எண்பது பக்கத்தில் முடிந்துபோகும். அடுத்த மாதமும் வாசகரைக் கடைக்கு வரவைப்பது அந்த ஜோடி. விவேக் - ரூபலா, பரத் - சுசீலா, நரேந்திரன் - வைஜயந்தி, பிரசன்னா - லதா. தமிழ்ப் பாக்கெட் நாவலின் முதுகெலும்பு துப்பு இல்லை, காதல். கிரைம் தனி, குடும்ப நாவல் தனி என்று அலமாரி பிரித்து வைக்கிறோம். எழுதியவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை.

வெளிநாட்டில் இதற்குத் தடையே போட்டுப் பார்த்தார்கள். எஸ்.எஸ்.வான் டைன் என்ற அமெரிக்கர் 1928-இல் துப்பறியும் கதைக்கு 20 விதி எழுதினார். மூன்றாவது விதி காதல் கூடாது என்பது. குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவதுதான் வேலை, ஜோடியை மணவறையில் ஏற்றுவது வேலையில்லை என்பது அவர் கட்சி. நம்மூர் எழுத்தாளர்கள் அந்த விதியை மதித்திருந்தால் பஸ் ஸ்டாண்டுக் கடைக் கம்பியில் பாதிப் புத்தகம் தொங்கியிருக்காது.

ஜோடிக்கு ஜோடி வேலை வேறு. கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும் கணவன் மனைவி. போலீஸ் வேலையின் இறுக்கத்தை வீட்டுப் பேச்சால் தளர்த்துவதுதான் ரூபலாவின் பங்கு, சில கதைகளில் அதற்கு மேலும் உண்டு. விவேக் இல்லாத ராஜேஷ்குமார் கதைகளும் நிறைய. அட்டையைப் பார்த்து ஏமாறாமல் முதல் நாலு அத்தியாயத்தைப் புரட்டிவிட்டு வாங்குங்கள். அவருடைய கையெழுத்து இரட்டைத் தடம். திருச்செந்தூர் லைன் ஒற்றைத் தண்டவாளம், இவர் கதையில் இரண்டு ஓடும். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில் ஒரு குடும்பம், அடுத்தது வேறு ஊரில் சம்பந்தமில்லாத ஆட்கள். எங்கே சேரும் என்பதுதான் ருசி. வாசிக்கும்போது இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் முன்கூட்டியே பிடித்துவிடலாம். ஒன்று, இரண்டாவது தடத்தில் வருகிறவரின் தொழில். அவர் டாக்டரா, லேப்காரரா, டிராவல்ஸ் வைத்திருக்கிறாரா என்பது வீணாகச் சொல்லப்படாது. இன்னொன்று, இரண்டு தடமும் ஒரே நாளில் நடக்கின்றனவா என்பது. ஒரு தடம் பழைய காலமாக இருந்து, அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இணைப்பு அங்கேதான். நல்ல நாவலில் காரணம் இணைக்கும். அவசரத்தில் எழுதியதில் தற்செயல் இணைக்கும்: இவர் போன கார் அவர் மேல் மோதியது. அந்த மாதிரி வந்தால் எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி, சவத்தைத் தூரப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் மூன்லைட் ஏஜென்சி நடத்துகிறவர்கள். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்துக்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருந்தது. இன்றைக்கு வாசித்தால் அதில் பாதி நெளிய வைக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வசன வேகத்தில் இவருக்கு இணை குறைவு. "என்றான்", "என்றாள்" இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க இருவர் பேச்சு ஓடும், யார் பேசுகிறார்கள் என்று ஒரு இடத்திலும் தடுமாறாது. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து சுபா. அவர்களுடைய ஈகிள்ஸ் ஐ துப்பறியும் நிறுவனத்தில் நரேந்திரன், வைஜயந்தி, மேலே ராமதாஸ். இங்கே ஆக்‌ஷன் கூடுதல், துப்பு குறைவு. யார் செய்தது என்பதைவிட எப்படித் தப்பிப்பார்கள் என்பதுதான் கேள்வி. புதிரைத் தேடிச் சுபாவிடம் போனால் ஏமாற்றம்தான். துரத்தலைத் தேடிப் போங்கள்.

இவர்களுக்கு முந்தின தலைமுறையில் தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, மனைவி இந்திரா. அங்கே காதலின் இடத்தைத் தேநீர் எடுத்துக்கொண்டது. சங்கர்லால் யோசிக்கத் தேநீர், முடித்ததும் தேநீர். கலப்பில்லாத தமிழ் வசனம் முதல் பத்துப் பக்கம் நாடகம் போலத் தெரியும், பிறகு பழகிவிடும். தேவனின் சாம்புவுக்குத் துப்பறியவே தெரியாது என்பதுதான் விசேஷம். அசட்டு அதிர்ஷ்டம் வழக்கை முடித்து வைக்கும். சாம்புவை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம், நாளுக்கு இரண்டு கதை போதும். அதற்கு மேல் போனால் அதே தந்திரம் கண்ணில் குத்தும். வாரப் பத்திரிகைக்காக எழுதியது வார இடைவெளியைக் கேட்கும்.

சுஜாதாவின் கணேஷ் - வசந்த் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிற ஜோடி. இரண்டு வக்கீல்கள், காதல் கிடையாது. வசந்தின் ஜொள்ளு ஒரு பக்கம், கணேஷின் கடிவாளம் மறுபக்கம். நியாயமாகப் பார்த்தால் மற்ற தொடர்களில் காதலன் காதலி செய்கிற வேலையைத்தான் இவர்களின் சீண்டல் செய்கிறது. வரிசை முக்கியம். குமுதத்தில் 1968-இல் தொடராக வந்த 'நைலான் கயிறு' கதையில் கணேஷ் தனி ஆள். வசந்த் பிறகு வந்து சேர்கிறான். புதிதாக வாசிக்கிறவர் கணேஷ் தனியாக வரும் ஒன்றையும் இருவரும் வரும் ஒன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தால், வசந்த் எதற்குத் தேவைப்பட்டான் என்பது பத்துப் பக்கத்தில் புரியும். தனிக் கணேஷ் யோசிப்பதை ஆசிரியரே சொல்ல வேண்டியிருக்கிறது. வசந்த் வந்த பிறகு அது பேச்சாகிவிடுகிறது. 'கொலையுதிர் காலம்' நாவலை முதலில் எடுக்காதீர்கள். ஆவியா அறிவியலா என்ற அந்த இழுபறி, கணேஷின் பிடிவாதம் ஏற்கெனவே பழகியிருந்தால்தான் முழுசாகச் சுடும்.

இவர்கள் யாருக்கும் வயதாகாது என்பதையும் சொல்ல வேண்டும். அகதா கிறிஸ்டியின் பொய்ரோ 1920-இல் அறிமுகமாகும்போதே ஓய்வுபெற்ற போலீஸ்காரர். கடைசி வழக்கு அச்சில் வந்தது 1975-இல். கணக்குப் போட்டால் நூறைத் தாண்டிவிடும். அந்தக் கடைசி நாவல் இரண்டாம் உலகப்போர் சமயத்திலேயே எழுதிப் பூட்டி வைத்தது. அதைக் கடைசியில்தான் வாசிக்க வேண்டும், இதில் சமரசமில்லை. மற்றவற்றை எந்த வரிசையிலும் எடுக்கலாம். ஆனால் அதே கிறிஸ்டியின் டாமி - டப்பென்ஸ் ஜோடிக்கு வயதாகிறது. 1922-இல் வேலையில்லாத இளவட்டங்கள், 1941-இல் வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர், 1973-இல் கிழவன் கிழவி. ஐந்தே புத்தகம். கடைசி ஒன்று சொதப்பல். ஆனாலும் ஒரு ஜோடி கூடவே மூப்படைவதைக் காட்டிய துணிச்சல் நம் பாக்கெட் நாவலில் யாருக்கும் வரவில்லை. பரத்தும் சுசீலாவும் இன்னும் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காதலும் புதிரும் சரியாகக் கலந்தது எது என்று கேட்டால் ஒன்றுதான் கைக்கு வரும்: ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸின் துப்பறிவாளன் பீட்டர் விம்சி - அவன் காதலிக்கும் ஹேரியட் வேன், நாலு புத்தகம், 1930, 1932, 1935, 1937. முதல் புத்தகத்தில் அவள் கொலைக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள், காதலனுக்கு விஷம் வைத்ததாக வழக்கு. உயிரைக் காப்பாற்றியவனையே கட்டிக்கொள்வது நன்றிக்கடனாகிவிடும் என்று அவள் மறுக்கிறாள். அந்த ஒரு மறுப்பை மூன்று புத்தகத்துக்குத் தாங்க வைத்திருக்கிறார் சேயர்ஸ். இதை வரிசை மாற்றி வாசித்தால் பாழ்.

போலீஸ் நடைமுறையில் நம் நாவல்கள் சறுக்குகிற இடங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். பிணத்தைத் தொட்டுப் பார்த்து "நேற்று ராத்திரி பதினொன்று இருபதுக்கு இறந்திருக்கிறார்" என்பார் டாக்டர். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பிணவறையில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். விறைப்பு இறந்த இரண்டு மணி நேரத்தில் தொடங்கும், பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும், பிறகு தளரும். நெல்லை வெயிலில் எல்லாமே சீக்கிரம் நடக்கும். அதனால் சொல்ல முடிவது மணிக்கணக்கு, நிமிஷக்கணக்கு இல்லை. ஆசிரியர் நிமிஷம் சொன்னால் அலிபிக்காகச் சொல்கிறார் என்று பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குட்டையில் குளோரோஃபார்ம் வைத்து மூக்கில் அமுக்கியதும் மயங்குவது இன்னொன்று. உண்மையில் நிமிஷக்கணக்கில் மூச்சோடு இழுக்க வேண்டும். அதற்குள் கடத்த வந்தவன் அடி வாங்கிவிடுவான். பிரிவு எண்ணும் மாறிவிட்டது. கொலைக்கு 302 என்று பழைய நாவல் எல்லாம் சொல்லும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. சந்தேக மரண விசாரணைக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. அந்தத் தேதிக்குப் பின் நடப்பதாக எழுதிவிட்டு 302 போட்டால் பழைய கைச்சரக்கைத் தூசி தட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் கதை நடந்தால் வேறு சோதனை. மார்ச் வெயிலில் குற்றாலத்தில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டினால் ஆசிரியர் சீசனில் மட்டும் வந்து போனவர். கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரைப் பார்த்து "ஏலே" என்றால் சினிமா பார்த்து எழுதியவர். "ஏல" என்பது சமவயதுக்கும் இளையவனுக்கும்தான். மூத்தவர்களுக்கு அண்ணாச்சி, அதிகாரிக்கு ஐயா. இது சின்ன விஷயம் இல்லை. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் கொலைக் கதையில் உறவைக் காட்டிக்கொடுக்கிற முதல் துப்பு.

இனி குடும்ப நாவல். ரமணிசந்திரன் கதைகளின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தன்மானமுள்ள பெண், வசதியான விறைப்பான ஆண், ஒரு கட்டாயம், ஒரு தப்பெண்ணம், நடுவில் கோள் மூட்டும் மூன்றாமவள், கடைசியில் உருக்கம். அமைப்பு தெரிந்தும் வாசிக்கிறோம் என்றால் சுவை வேறெங்கோ இருக்கிறது. இருப்பது வீட்டுக்குள்: யார் யாருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தார்கள், யார் முன்னால் யார் உட்காரவில்லை, மாமியார் சாவிக்கொத்தை எங்கே வைத்தாள். துப்பறியும் கதையில் பஸ் டிக்கெட் செய்கிற வேலையை இங்கே சாவிக்கொத்து செய்யும். அதனால்தான் கிரைம் வாசகர்கள் இதை மட்டமாகப் பேசும்போது எரிச்சல் வருகிறது. இரண்டிலும் ஒரே வேலைதான்: ஒளித்து வைப்பது, சமயம் பார்த்து எடுப்பது.

குடும்ப நாவலைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். இந்தச் சண்டை ஒரு போன் காலில் தீர்ந்துவிடுமா? தீருமென்றால் நாவல் பலவீனம். தந்தியும் கடிதமும் இருந்த காலத்தில் தப்பெண்ணம் இருநூறு பக்கம் தாங்கியது. செல்போன் வந்த பிறகு அது தாங்காது. நல்லவர்கள் காரணத்தை மாற்றினார்கள்: சொல்லத் தெரியாததால் அல்ல, சொன்னால் இன்னொருவருக்குக் கெடுதல் என்பதால் அவள் வாயைத் திறக்கவில்லை. சோம்பேறிகள் போனைத் தண்ணீரில் போட்டார்கள். கதாநாயகன் கையை ஓங்கியதைக் காதலென்று எழுதுகிற பழைய வழக்கம் இணையத்தில் 'ஆன்ட்டி ஹீரோ' என்று பெயர் மாற்றி வந்திருக்கிறது. புதுப் பாத்திரத்தில் பழைய கஞ்சி. இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்து புத்தகமானவற்றில் ஒரு அச்சுக் குறையும் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் போன வாரக் கதை ஒரு பத்தி வரும். தொகுக்கும்போது அதை வெட்ட மறந்துவிடுவார்கள். நடுவில் ஏதாவது மூன்று அத்தியாயத்தின் முதல் பத்தியை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஒரே சேதி மூன்றிலும் இருந்தால் யாரும் அதைச் செப்பனிடவில்லை.

அண்ணன் தம்பி ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் என்ற தொடர்களுக்கு ஆங்கிலத்தில் பெரிய முன்மாதிரி ஜூலியா குவினின் பிரிட்ஜர்டன். எட்டுப் பிள்ளைகள், எட்டுப் புத்தகம், 2000 முதல் 2006 வரை. மூத்தவன் ஆன்டனி இருக்க, முதல் புத்தகம் தங்கை டாஃப்னிக்கு. ஆங்கில வாசகருக்கு எப்படியோ, நமக்கு இதில் ஆச்சரியமில்லை. தங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தானே அண்ணனுக்குப் பெண் பார்ப்பது. ஊர்வம்புப் பத்திரிகை எழுதுகிறவர் யார் என்ற ரகசியம் நாலாவது புத்தகம் வரை ஓடும். அதனால் முதல் நாலை வரிசையாக வாசியுங்கள், மிச்சம் உங்கள் இஷ்டம். நெட்ஃபிளிக்ஸில் முதல் சீசன் பார்த்துவிட்டவர்களுக்கு அந்தப் புதிர் ஏற்கெனவே போய்விட்டது.

பழைய பிரதி வாங்குவதுதான் மிச்சம். மாத நாவலின் காகிதம் மட்டமான நியூஸ்பிரிண்ட், பழுப்பாவது அதன் விதி. பழுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலால் ஓரத்தை மெல்ல மடக்குங்கள், ஒடிந்தால் விடுங்கள். நடுவில் அடித்த கம்பிப் பின்னின் துருவைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் கிடந்த பிரதி என்றால் உப்புக் காற்றில் துரு காகிதத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். வீட்டுக்கு வந்ததும் பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். மடிப்பில் மூன்று ஓட்டை. ஊசி நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே, மேல் ஓட்டையில் உள்ளே, அங்கிருந்து நேரே கீழ் ஓட்டையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. இரண்டு முனையையும் நடுவில் ஓடும் நீள நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டால் ஆயுசுக்கும் நிற்கும். சாரல் மாதங்களில் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும் போதும்.

கடையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"அண்ணாச்சி, கடைசிப் பக்கம் இருக்கா?"

"பாத்து எடுத்துக்கிடுங்க. பொறவு வந்து சொல்லப்பிடாது."

கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் கொலைகாரன் பெயர் கண்ணில் பட்டுத் தொலைக்கும். புரட்ட வேண்டியதில்லை, முதல் பக்கத்தைப் பார்த்தால் போதும். நடுவில் பின் அடித்த நாவலில் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்திருக்கும். அட்டைக்கு அடுத்த தாளின் ஒரு பாதி முதல் பக்கம், மறு பாதி கடைசிப் பக்கம். அது கழன்றால் இரண்டும் சேர்ந்துதான் போகும். செத்தவன் பேரும் கொன்றவன் பேரும் ஒரே தாளில்தான் அச்சாகியிருக்கின்றன.